ஐந்து போல்ட் வண்டிக்கு ஆறு போல்ட் சக்கரம்

பாண்டிலட்சுமியின் கணவர் சுடலை, போன ஆவணியில், சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் மூன்றாவது இட்லியைப் பிய்த்தபடியே செத்துப்போனார். நெஞ்சு வலி என்று சொல்லக்கூட நேரமில்லை. சாகும் முன்பு சட்னி நன்றாக இருக்கிறது என்று பாராட்டியதாக அந்தக் கடைக்காரர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். வேறு யாரும் அந்தச் சட்னியைப் பாராட்டி நான் கேட்டதில்லை.

செய்தி வந்தபோது பாண்டிலட்சுமி ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் அறையில் இருந்தாள். கையில் இருந்த குழாய்க்கு மருந்தை முழுசாகப் போட்டு, களிமண் வைத்து அடைத்து, தட்டில் அடுக்கிவிட்டுத்தான் எழுந்தாள். பாதியில் விட்டால் அடுத்து உட்காருகிறவளுக்கு ஆபத்து. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். எழுந்து வந்தவள் அழவில்லை. சுடுகாட்டுக்குக் கொண்டுபோனபோதும் அழவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்தில், “கல்லு மாதிரி இருக்காளே” என்று நான்கு பேர் பேசினார்கள். அந்த நான்கு பேருக்கும் அவள்தான் பாயசம் பரிமாறினாள்.

பிறகு கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் மகள் எழில், “எங்கூட வந்துருங்கம்மா” என்று கூப்பிட்டாள். போகவில்லை. கம்பெனி வேன் வந்தது, ஏறிக்கொண்டாள்.

அவள் வேலை பார்த்த அறையில் நான்கு பெண்கள். அதற்கு மேல் ஆள் இருக்கக் கூடாது. உள்ளே செருப்பு கிடையாது, கண்ணாடி வளையல் கிடையாது, இரும்பு என்று ஒரு குண்டூசிகூடக் கிடையாது. வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும்; உடம்பில் உள்ள மின்சாரம் இறங்கிவிடுமாம். மேஜை மேல் பழுப்புக் காகிதம் விரித்திருக்கும். அள்ளுவது மரக்கரண்டி, தட்டுவது மரச்சுத்தி. எதையும் எதன் மேலும் ‘டக்’ என்று வைக்கக் கூடாது. பாண்டிலட்சுமி வீட்டில்கூடத் தம்ளரைக் கீழே வைத்தால் சத்தம் வராது. அவள் வீட்டுப் பூனை, சோறு வைத்த சத்தமே கேட்காமல் பட்டினி கிடந்து, கடைசியில் தெருவில் எல்லார் வீட்டுக்கும் பொதுப் பூனையாகப் போய்விட்டது.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து கொண்டையை அவிழ்த்தாள். கையில் ஊசி வந்தது. இரும்புக் கொண்டை ஊசி. காலையிலிருந்து அவள் தலையில் இருந்திருக்கிறது. வாசலில் சோதனை போடும் சோலையம்மாள், ‘துக்க வீட்டுக்காரி, தலையைத் தடவ வேண்டாம்’ என்று இரக்கப்பட்டு விட்டிருக்கிறாள். ஒரு நாள் முழுக்க, நான்கு பேருக்கு நடுவில், அத்தனை மருந்துக்கு மேல் குனிந்து குனிந்து வேலை பார்த்திருக்கிறாள்.

ஊசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பயம் வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பயம் இல்லாதவள் அந்த அறைக்கு ஆக மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். தன் உயிர் போவதைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. எதிர் மேஜையில் பன்னிரண்டு வருஷமாக இருளம்மாள் இருக்கிறாள். இடதுபக்கம் இரண்டு இளம்பெண்கள். ஆக, திரும்ப அந்த அறைக்குள் போகக் கூடாது. மறுநாள் கால் வலி என்று பதினைந்து நாள் லீவு சொன்னாள்.

லீவு முடியப்போகும் சமயம் போர்மேன் ஜேசுதாசனிடம் போனில் கேட்டாள்.

“சார், என்னைப் பேக்கிங்ல போட்டுருங்க.”

“இம்புட்டு நல்ல கைய அட்டைப்பெட்டி மடிக்கவா அனுப்புவாக? ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. பங்குனிப் பொங்கல் லீவு முடிஞ்சு திங்கக்கெழமை வேன் வரும், ஏறிக்க. இல்லைன்னா உன் எடத்துல வேற ஆளைப் போட்டுருவேன். அப்புறம் பேக்கிங்கும் இல்ல, பெருக்குற வேலையும் இல்ல, பாத்துக்க.”

ஊசி விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சோலையம்மாள் வேலை போகும். சோலையம்மாள் அவள்மேல் இரக்கப்பட்டதற்கு அது நல்ல கூலியாக இருக்காது. சொல்லவில்லை.

மீதி இருந்தது சுடலையின் பிக்கப் வண்டி.

அது எண்பதுகளில் வந்த வண்டி. முன்னால் ஜீப் மூக்கு, பின்னால் திறந்த தொட்டி. சுடலை அதில் இருபது வருஷம் கேன் தண்ணீர் ஓட்டினார். ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடும். வைப்பரைப் போட்டால் ஹாரன் அடிக்கும். அதனால் மழைக்காலத்தில் அவர் வருவது கோவில்பட்டி வரை கேட்கும். மேடு ஏறும்போது வண்டி விடும் புகையில் ஒரு முறை கொசு ஒழிப்புக்காரர்கள் எங்கள் தெருவுக்கு வராமலே ‘மருந்து அடித்தாயிற்று’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர் போன பிறகு அது வேப்ப மரத்தடியில் நின்றது. பாண்டிலட்சுமிக்கு ஓட்டத் தெரியும். சுடலை கற்றுக்கொடுத்து, லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தார்.

சாத்தூர் ரோட்டில் தண்ணீர் சுத்திகரித்து விற்கும் சொர்ணலட்சுமியிடம் போய்க் கேட்டாள்.

“வண்டி இருக்கு மதினி. அவுக ஓட்டுன லைனை நான் ஓட்டுறேன்.”

“வண்டி இருக்கு, ஓடுமா?” என்றாள் சொர்ணலட்சுமி. “இங்க பாரு, எட்டு மாசமா வாடகை வண்டிய வச்சு ஒப்பேத்திக்கிட்டு இருக்கேன். திங்கக்கெழமை காலையில ஏழு மணிக்கு வண்டி எங்க வாசல்ல நிக்கணும். நிக்கலைன்னா சாத்தூர்க்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவனுக்குச் சொல்லிருவேன். நீ வருத்தப்படக் கூடாது.”

“வருத்தம்லாம் படமாட்டேன்” என்றாள் பாண்டிலட்சுமி. அது உண்மைதான்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. சக்கரம்தான் சரியில்லை. நான்கு சக்கரத்தில் மூன்றில் போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல். சக்கரத்தை மையத்தோடு பிடித்து நிறுத்துவது அந்த ஐந்து போல்ட்தான். அந்த இடத்திலேயே விரிசல் என்றால் வண்டி தெருமுனை தாண்டாது. அந்தக் காலத்து ஐந்து ஓட்டைச் சக்கரம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. மல்லாங்கிணற்றில் பாண்டிராஜ் என்ற பழைய சாமான்காரரிடம் புதுசு போல நான்கு சக்கரம் இருந்தது. ஆனால் அதற்கு ஆறு ஓட்டை. ஓட்டைகள் நிற்கும் வட்டமும் கொஞ்சம் பெரிசு. வாங்கி, விருதுநகரில் ஜோபின் என்பவரின் லேத் பட்டறையில் இறக்கச் சொல்லிவிட்டாள்.

ஜோபின் போனில் சொன்னார்: “அக்கா, சக்கரம் வந்துருச்சு. உங்க வண்டி அளவு வேணுமே. பின்னாடி பிரேக் டிரம் ஒண்ணைக் கழட்டிட்டு வாங்க. அந்த அஞ்சு ஓட்டையப் பாத்துத்தான் நான் வெட்டணும்.”

டிரம் பத்துக் கிலோ இரும்பு. அதைப் பழைய சேலையில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா அது?”

“வண்டியோட டிரம்மு.”

“வண்டி எங்க?”

“வீட்டுல நிக்கி.”

“அப்ப ஒவ்வொண்ணாக் கழட்டி நம்ம பஸ்ஸுலயே கொண்டுபோயிரலாம்னு இருக்கீக.”

“இன்னைக்கு இது போதும்” என்றாள்.

கண்டக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் சில்லறை எண்ணுவது போல முன்பக்கம் போய்விட்டார்.

ஜோபினுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பேசும்போதும் கண் லேத்தில்தான் இருக்கும். டிரம்மையும் சக்கரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாக்பீஸால் வட்டம் போட்டார்.

“சக்கரத்துல இருக்குற ஆறு ஓட்டைய வெல்டு வச்சு அடைச்சுப்புட்டு அஞ்சு ஓட்டை போட்டுரலாம்னு சில பேர் சொல்லுவாக. நான் செய்யமாட்டேன். வெல்டு வச்ச எடம் பாலத்துல வச்சுத்தான் விடும், வீட்டு வாசல்ல விடாது. நடுவுல ஒரு தட்டு போடுவோம். ரெண்டு விரக்கடை கனம். உள்பக்கம் அஞ்சு ஓட்டை, அது வண்டியோட சேரும். வெளிப்பக்கம் ஆறு போல்ட், அதுல சக்கரம் மாட்டும். நாலு சக்கரத்துக்கு நாலு தட்டு.”

“எப்பக் குடுப்பீக தம்பி?”

“வெள்ளிக்கெழமை. மாட்ட ஆள் இருக்கா?”

“நானே மாட்டிருவேன். அவுக கழட்டி மாட்டும்போது கூட இருந்திருக்கேன்.”

வெள்ளிக்கிழமை தட்டுகள் வந்தன. கண்ணாடி மாதிரி வழவழவென்று வெட்டியிருந்தார். மறுநாள் காலையில் வேப்ப மரத்தடியில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றினாள். தட்டை எடுத்து இரும்பின் மேல் வைக்கப் போனவள், வைக்கவில்லை. கை நின்றது. இரும்பும் இரும்பும் நேருக்கு நேர். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒன்றை அவள் கை செய்ததில்லை.

வீட்டுக்குள் போனாள். பழுப்புக் காகிதம் எடுத்து வந்தாள். தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டினாள். போல்ட் வரும் இடத்தில் ஓட்டை போட்டாள். வண்டிக்கும் தட்டுக்கும் நடுவில் ஒன்று, தட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒன்று. நான்கு சக்கரத்துக்கும் எட்டு வட்டம். வேலை அத்தனை சுத்தம். பிறகு நட்டுகளை, மருந்துக் குழாய்க்கு அடைப்பு வைக்கும் அதே பக்குவத்தில், இதற்கு மேல் போகாது என்று விரல் சொன்ன இடத்தில் நிறுத்தினாள். மருந்து அறையில் அந்த இடத்துக்கு மேல் ஒரு இம்மி போனாலும் கை இருக்காது.

சாயங்காலம் நான்கு மணிக்கு, காலிக் கேன்களை ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம் கிளம்பினாள். மூன்றாவது கிலோமீட்டரில் ஸ்டீயரிங் லேசாக ஆடியது. நான்காவதில் நன்றாக ஆடியது. பழைய வண்டி, ஆடத்தான் செய்யும் என்று போய்க்கொண்டிருந்தாள். ஐந்தாவது கிலோமீட்டர் தாண்டியதும் அவளுடைய இடது முன்சக்கரம் அவளை முந்திக்கொண்டு போவதைக் கண்டாள்.

வண்டி இடது பக்கம் குப்புற இறங்கியது. டிரம் தார் ரோட்டில் உரச, ஜன்னல் உயரத்துக்குப் பொறி பறந்தது. இருபதடி தூரம் அப்படி இழுத்துக்கொண்டு போய் நின்றது. சக்கரம் மட்டும் நிற்கவில்லை. ரோட்டை விட்டு இறங்கி, கம்மாய்க்கரை ஏறி, அங்கே மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடுகளையும் கிளப்பிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் போனது. அந்த ஆடுகளில் ஒன்று அதற்குப் பிறகு வளைந்துதான் நடக்கிறது என்பார்கள். ஆட்டுக்காரர் சீனிச்சாமி சக்கரத்தை உருட்டிக்கொண்டு திரும்பி வர, பொழுது சாய்ந்துவிட்டது.

“தாயி, ஒங்க சக்கரமா இது?”

“ஆமா.”

“பயந்துபோனீகளோ?”

பாண்டிலட்சுமி யோசித்தாள். பொறி பறந்ததைப் பார்த்தாள், அது அவளுக்கு நினைவிருக்கிறது. நிறத்தைக்கூடச் சொல்வாள், இரும்புத்தூள் கலந்த கம்பி மத்தாப்பின் நிறம். மற்றபடி ஒன்றுமில்லை.

“இல்ல” என்றாள்.

சீனிச்சாமி நம்பவில்லை. “தண்ணியாவது குடிங்க” என்று தன் பாட்டிலை நீட்டினார். குடித்தாள். அவரே நாலு ஆளைக் கூப்பிட்டு, விரிசல் விடாத அந்த ஒரு பழைய சக்கரத்தை வீட்டிலிருந்து வரவழைத்து மாட்டச் சொல்லி, வண்டியை ஊர்ந்து ஊர்ந்து மரத்தடியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

போனில் சேதி கேட்டு, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையில் ஜோபின் பைக்கில் வந்தார். முகம் கறுத்திருந்தது. தான் வெட்டிய தட்டு விட்டுவிட்டது என்றால் அவருக்குத் தொழில் மானம் போன மாதிரி. சட்டையைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு வலது முன்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளேயிருந்து பழுப்பு வட்டம் ஒன்று, அப்பளமாக நசுங்கி, கையில் வந்தது. இன்னொன்றும் வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை யாரு வெட்டுனது?”

“நாந்தான்.”

“காம்பஸ் வச்சாக்கூட இம்புட்டு வட்டம் வராது. எதுக்குக்கா போட்டீக?”

“இரும்பும் இரும்பும் உரசக் கூடாதுல்ல தம்பி.”

ஜோபினுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது. தரையில் உட்கார்ந்தார்.

“அக்கா, உரசக் கூடாதுங்கறது சரிதான். ஆனா இங்கன காயிதம் வச்சா, ஓட ஓடக் காயிதம் நசுங்கும். நசுங்குனா நட்டு தளரும். தளர்ந்தாத்தான் உரசும். இரும்பு இரும்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கிடணும். நடுவுல ஒண்ணும் இருக்கக் கூடாது, பெயிண்ட்டுகூட. நட்டை எம்புட்டு முறுக்குனீக?”

விரலால் காட்டினாள்.

“இது மூக்குத்தி மாட்டுற முறுக்கு” என்றார் ஜோபின்.

பழைய காகிதத்தையெல்லாம் எடுத்துப் போட்டு, கம்பி பிரஷ்ஷால் துரு தேய்த்தார்கள். இடது முன்சக்கரத் தட்டில் அறுந்துபோன போல்ட்டுகளுக்குப் பதிலாக, கொண்டுவந்திருந்த ஆறு புது போல்ட் மாற்றினார். ஸ்பேனர் பிடியில் நீளமான பைப்பைச் சொருகி, ஒரு நட்டு, அதற்கு எதிர் நட்டு என்று மாற்றி மாற்றி மூன்று சக்கரத்தை முறுக்கினார். நான்காவதில் ஸ்பேனரை அவள் கையில் கொடுத்தார்.

“இதை நீங்க முறுக்குங்க. நாளைக்கு ரோட்டுல தளர்ந்தா விருதுநகருக்கா போன் போடுவீக?”

முறுக்கினாள். விரல் சொன்ன இடத்தில் நின்றது.

“இன்னும்.”

“போதும் தம்பி.”

“பைப்பு மேல ஏறி நில்லுங்க.”

ஏறி நின்றாள். நட்டு ‘கிரீச்’ என்று கத்தியது. அடுத்த நொடி பாண்டிலட்சுமி வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் தரையில் குப்புறப் படுத்திருந்தாள், இரண்டு கையும் தலைமேல். அங்கே எப்படிப் போனாள் என்று அவளுக்கும் தெரியாது, ஜோபினுக்கும் தெரியாது. மனசு போகவில்லை, உடம்பு மட்டும் போயிருந்தது.

ஒன்றும் வெடிக்கவில்லை. எழுந்து சேலையில் ஒட்டிய வேப்பம்பூவைத் தட்டிவிட்டாள். வந்து அடுத்த நட்டை மாட்டினாள். ஆறும் கத்தின. மற்ற ஐந்துக்கும் அவள் தோள் குலுங்கியது.

“ஒவ்வொரு அஞ்சு கிலோமீட்டருக்கும் நிறுத்தி நட்டைப் பாருங்க, ஒரு வாரத்துக்கு” என்று சொல்லிவிட்டு ஜோபின் கிளம்பினார். காகித வட்டங்களில் அதிகம் நசுங்காத ஒன்றைத் தேடி எடுத்துச் சட்டைக்குள் மடிக்காமல் வைத்துக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டதற்கு, “மாடலுக்கு” என்றார்.

திங்கட்கிழமை ஆறரைக்குக் கம்பெனி வேன் வந்து நின்றது. ஜன்னல் வழியாக இருளம்மாள் தலையை நீட்டினாள்.

“ஏ லச்சுமி, வா. ஒனக்கு எடம் போட்டு வச்சிருக்கேன்.”

பாண்டிலட்சுமி பிக்கப்பின் பக்கத்தில் ஸ்பேனரோடு நின்றிருந்தாள்.

“நான் வரலை. தண்ணி வண்டி ஓட்டப் போறேன்.”

“வெளையாடாத. என்னடி, திடுதிப்புன்னு?”

“நெசமாத்தான்.”

“பன்னெண்டு வருசம் எதுக்க உக்காந்திருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா ஒனக்கு?”

சொல்லக் கூடாது என்று பாண்டிலட்சுமி முன்பே முடிவு செய்திருந்தாள். சொன்னால், தலையில் ஊசியோடு ஒருத்தி எதிரே உட்கார்ந்திருந்தாள் என்ற நினைப்பிலேயே இருளம்மாளின் கை நடுங்கும். நடுங்கும் கை அந்த அறைக்கு ஆகாது. சோலையம்மாள் பெயரும் வெளியே வரும்.

“தோணலை” என்றாள்.

இருளம்மாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். “மொதலாளியம்மா ஆயிட்டாக. நம்மகூட உக்காருவாகளா?” என்று உள்ளே சொன்னது வெளியே கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள். வேன் போய்விட்டது.

பாண்டிலட்சுமி வண்டியை எடுத்தாள். ஐந்து கிலோமீட்டரில் நிறுத்தினாள். இருபத்து நான்கு நட்டையும் பார்த்தாள். இரண்டு மட்டும் கால் சுற்று கொடுத்தது, கத்தியது, தோள் குலுங்கியது. ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சொர்ணலட்சுமியின் வாசலில் நின்றாள். சாத்தூர்க்காரன் வண்டி அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

“நீ வரமாட்டேன்னு நெனச்சேன்” என்றாள் சொர்ணலட்சுமி.

“ஏழு மணி ஆகலைல்ல மதினி.”

சொர்ணலட்சுமி கடிகாரத்தைப் பார்த்தாள். சாத்தூர்க்காரனைப் பார்த்தாள். “யப்பா, நீ டீயைக் குடிச்சிட்டுக் கெளம்பு” என்றாள்.

வைகாசி வந்துவிட்டது. சக்கரம் இன்னும் கழலவில்லை. இப்போது அந்தத் தண்ணீர் வண்டியைப் பற்றி ஊரில் நிறையக் கதை இருக்கிறது. பாதி நான் கட்டியது. இருளம்மாள் அவளிடம் தண்ணீர் வாங்குவதில்லை. இரண்டு தெரு தாண்டிப் போய், குடத்துக்கு அரை மணி நேரம் வரிசையில் நின்று, குழாயில் பிடித்து வருகிறாள். எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பாண்டிலட்சுமிக்கு அது வலிக்கிறதா என்று கேட்டேன். “தெரியலையே” என்றாள். மறைத்துப் பேசுகிறவள் இல்லை; தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான்.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, ஊருக்குப் பிரியும் விலக்கு ரோட்டில், அவள் வண்டியை ஓரங்கட்டி நட்டுகளைப் பார்ப்பாள். ஜோபின் சொன்ன ஒரு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது. இருந்தும் அந்த இடத்தில், அந்த நேரத்துக்குத்தான் நிறுத்துவாள். கம்பெனி வேன் அவளைத் தாண்டும். ஜன்னலோரம் இருளம்மாள், பக்கத்தில் அந்த இரண்டு இளம்பெண்கள், அவளுடைய பழைய இடத்துக்கு வந்திருக்கும் யாரோ ஒரு புதுப் பெண். நான்கு தலை. எண்ணி முடித்த பிறகு ஸ்பேனரை இருக்கைக்குப் பின்னால் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, வண்டியை எடுப்பாள்.